தண்ணிக்குள்ளே ஒரு குடுமிப்பிடி! - வாட்டர் போலோ விதிகள்

"அக்கா, ஏதோ நீச்சல் கத்துக்கிட்டா உடம்புக்கு நல்லதுன்னுதானே அனுப்பினேன்... இப்போ என்னடான்னா என் பொண்ணைத் தண்ணிக்குள்ள போட்டு முக்கறாங்க!"

கொல்கத்தாவிலிருந்து என் தங்கையின் போன். லேக் மார்க்கெட் பக்கம் பதினைந்து வருஷமாகக் குடியிருக்கிறாள். மகளுக்குப் பதின்மூன்று வயசு. நீச்சல் பழகும் கிளப்பில், "பொண்ணு நல்ல உயரம், காலும் பலமா இருக்கு" என்று சொல்லி, கோச் அவளை வாட்டர் போலோ டீமில் போட்டுவிட்டார். முதல் பிராக்டீஸ் மேட்ச் பார்த்த அன்றைக்கே தங்கைக்குத் தூக்கம் போய்விட்டது.

"நாலு தடவை இவ தலை உள்ளே போயிட்டு வந்தது. ரெஃப்ரி விசிலை வாயில வச்சுக்கிட்டு சும்மா பார்த்துட்டு நிக்கறார். அஞ்சாவது தடவை இவ ஒரு பொண்ணோட தோளை லேசாத்தான் பிடிச்சு இழுத்தா. உடனே பீ...ப்! வெளியே போன்னு அனுப்பிட்டார். இதென்னக்கா நியாயம்? பேசாம நிறுத்திடவா?"

எனக்கும் பதில் தெரியவில்லை. பூஜா லீவில் அங்கே போயிருந்தபோது, நானே குளத்தின் ஓரமாக உட்கார்ந்து இரண்டு மேட்ச் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் ஆடியவராம். நான் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, அவரே வலிய வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பியதும் விதிப் புத்தகத்தையும் தேடிப் படித்தேன். கடைசியில் தெரிந்தது என்ன தெரியுமா? அந்த ரெஃப்ரி ஐந்து தடவையும் சரியாகத்தான் செய்திருக்கிறார்!

எப்படி என்கிறீர்களா? அதற்கு முன்னால் ஆட்டம் என்னவென்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நம் ஊரில் பலருக்கு வாட்டர் போலோ என்றால் குதிரை ஞாபகம்தான் வருகிறது. குதிரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போலோ என்ற சொல்லே, இமயமலையின் பால்டிஸ்தான் பகுதியில் பந்துக்குச் சொல்லும் 'புலு' என்ற வார்த்தையிலிருந்து வந்தது. ஆக, தண்ணீர்ப் பந்து, அவ்வளவுதான். 1870களில் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் வில்சன் இதற்கு முதன்முதலில் விதிகள் எழுதினார். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பிடித்த ஆட்டம் இது. பெண்களுக்கு மட்டும் கதவு திறக்க நூறு வருஷம் ஆயிற்று. 2000-ல் சிட்னியில்தான் முதன்முதலாகப் பெண்கள் ஒலிம்பிக்கில் ஆடினார்கள்.

ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஆறு பேர் ஆட, ஒருவர் கோல் கீப்பர். குளத்தில் 25 முதல் 30 மீட்டர் நீளம், அதிகபட்சம் 20 மீட்டர் அகலம் கயிறு கட்டி ஒதுக்குவார்கள். கோல் போஸ்ட் 3 மீட்டர் அகலம், தண்ணீர் மட்டத்துக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயரம். பந்து கிட்டத்தட்ட கால்பந்து அளவு இருக்கும், எடை 400 முதல் 450 கிராம். பெண்களுக்குச் சுற்றளவு கொஞ்சம் குறைவு. ஒரு டீம் வெள்ளைத் தொப்பி, இன்னொன்று நீலத் தொப்பி. இரண்டு கோல் கீப்பர்களுக்கும் சிவப்பு.

எட்டு எட்டு நிமிஷமாக நான்கு பகுதிகள் ஆடவேண்டும். முப்பத்திரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு உட்காராதீர்கள்! பந்து ஆட்டத்தில் இல்லாதபோதெல்லாம் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒவ்வொரு பகுதியும் ஆரம்பிக்கும்போது இரண்டு டீமும் அவரவர் கோல் கோட்டில் வரிசையாக நிற்க, பந்து நடுவில் இருக்கும். விசில் ஊதியதும் ஆளுக்கொருவர் பாய்ந்து நீந்துவார். யார் முதலில் எடுக்கிறாரோ அந்த டீமுக்குப் பந்து.

நிற்பார்கள் என்று சொன்னேனே, அது சும்மா பேச்சுக்கு. இந்த ஆட்டத்தில் யாரும் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது! பெரிய போட்டிகளில் குளத்தின் ஆழம் இரண்டு மீட்டர் வரை இருக்கும். ஆழம் குறைவான குளமாக இருந்தாலும், தரையில் கால் ஊன்றி ஆட்டத்தில் கலந்துகொண்டால் ஃபவுல். ஆட்டம் முழுக்க மிதந்துகொண்டே இருக்கவேண்டும். இரண்டாவது, பந்தை ஒரு கையால்தான் தொடவேண்டும். பிடிப்பது, எறிவது எல்லாமே ஒற்றைக் கைதான். மூடிய முஷ்டியால் குத்தவும் கூடாது. கோல் கீப்பருக்கு மட்டும் தன் கோலுக்கு அருகே சலுகை. அவர் இரண்டு கையாலும் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தலாம், கால் எட்டினால் தரையில் ஊன்றி எம்பலாம்.

பந்து கைக்கு வந்தால் அதை வைத்துக்கொண்டு நேரம் கடத்தவும் முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரைக்கும், பந்து கிடைத்த 30 விநாடிக்குள் கோலை நோக்கி அடித்தாகவேண்டும் என்று இருந்தது. அதற்கப்புறம் ஆட்டம் இன்னும் விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று அதிலும் கை வைத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் போட்டியில் எந்தக் கணக்கு என்பதை கோச்சிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பந்து யார் கையில்?

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம்.

வாட்டர் போலோவில் மற்ற எல்லா விதியும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. 'அந்த நிமிஷத்தில் அந்தப் பெண் பந்தைப் பிடித்திருக்கிறாளா, இல்லையா?'

பிடித்திருந்தால் எதிராளி அவளைப் பிடிக்கலாம், பின்னால் இழுக்கலாம், தண்ணீருக்குள் அமுக்கவும் அமுக்கலாம். ஃபவுல் கிடையாது. பந்து அவள் கையில் இல்லாதபோது இதே காரியத்தைச் செய்தால் பெரிய ஃபவுல். செய்தவர் வெளியே போகவேண்டியதுதான்.

என் தங்கை மகள் என்ன செய்திருக்கிறாள்? பந்து கிடைத்ததும், யாருக்குக் கொடுப்பது என்று புரியாமல், பொக்கிஷம் மாதிரி பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நாலு தடவையும் முக்கினார்கள். நியாயம்தான். ஐந்தாவது தடவை கோபம் வந்து, பந்து கையில் இல்லாத பெண்ணைத் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறாள். விசில். அதுவும் நியாயம்தான்!

'பிடித்திருப்பது' என்பதற்கு விதிப் புத்தகம் கொடுக்கும் அர்த்தம் கொஞ்சம் நுணுக்கமானது. பந்தைத் தூக்கினாலும், ஏந்தினாலும், ஏன், கையால் தொட்டுக்கொண்டிருந்தாலே பிடித்த கணக்குத்தான். ஆனால் பந்தை முன்னால் மிதக்கவிட்டு, இரண்டு கைகளுக்கும் நடுவே அலையில் தள்ளிக்கொண்டே நீந்துகிறார்களே, அது பிடித்ததில் சேராது. அப்படி நீந்துகிறவளை முதுகில் ஏறி அமுக்கினால் விசில் ஊதிவிடுவார்கள். அதனால்தான் கெட்டிக்காரர்கள் நீந்தும்போது பந்தைத் தொடுவதே இல்லை. பாஸ் கொடுக்கிற, கோல் அடிக்கிற கணத்தில் மட்டும் கையை அடியில் கொடுத்து எடுப்பார்கள்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். எதிராளி வந்து மடக்கும்போது பந்து தண்ணீருக்குள் போகக்கூடாது. போனால் பந்து வைத்திருந்தவள் மேல்தான் ஃபவுல். "சார், நான் அமுக்கலை, அவதான் என் கையோட சேர்த்து அமுக்கினா" என்று சொன்னால் எடுபடாது. அவள் பலத்தால் அமுங்கியிருந்தாலும் உன் கைதானே பந்தின் மேல் இருந்தது, ஏன் விடவில்லை என்பதுதான் விதியின் கேள்வி!

அந்தப் பெரியவர் இதை ரொம்ப அழகாகச் சொன்னார். "சாவி உங்க பொண்ணு கையிலதாம்மா இருக்கு. மூச்சு முட்டுதா, பந்தை விட்டுடட்டும். விட்ட அடுத்த செகண்டு, அமுக்கறவ கையை எடுத்தாகணும். எடுக்கலைன்னா அவ வெளியே போவா."

இதைக் கேட்டபோது எனக்கே பாதி பயம் போய்விட்டது. குழந்தையை யாரோ முக்குகிறார்கள் என்பது வேறு. குழந்தை விரும்பினால் அடுத்த கணமே விடுபடலாம் என்பது வேறு. உங்கள் வீட்டில் யாராவது இந்த ஆட்டத்துக்குப் போனால், ஸ்விம் சூட் வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள். ரொம்பப் பிள்ளைகள் இது தெரியாமலேயே பந்தைக் கட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கோலுக்கு 6 மீட்டருக்குள் வந்து, கோல் அடிக்க முயலும்போது யாராவது பின்னாலிருந்து பிடித்தால், அவர் பந்தை மட்டும் தொட்டிருந்தாலொழிய, பெனால்டி. பந்து கையில் இருந்தாலும்கூட.

விசில் ஏன் ஓயாமல் ஊதுகிறது?

முதல் மேட்ச்சில் எனக்குத் தலையே வலித்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷன் மாதிரி விசில் மேல் விசில்! அதில் பாதிக்கு மேல் சாதாரண ஃபவுல்தான். இரண்டு கையால் தொட்டது, பந்தை முக்கியது, பந்து இல்லாதவரின் வழியை மறித்தது... இந்த வகை. எதிர் டீமுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதே இடத்திலிருந்து. ஆட்டம் நிற்பதே இல்லை. ரெஃப்ரி ஒரு கையை நீட்டி எந்தத் திசையில் ஆட்டம் போகிறது என்று காட்டுவார், அவ்வளவுதான்.

கோலுக்கு ரொம்பப் பக்கத்தில் போய்க் காத்துக்கிடக்கவும் முடியாது. எதிராளியின் கோலுக்கு முன்னால் 2 மீட்டர் தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. குளத்தின் ஓரத்தில் சிவப்பு அடையாளம் இருக்கும். பந்துக்கு முந்திக்கொண்டு அதற்குள் போனால் அதுவும் சாதாரண ஃபவுல்தான்.

அடுத்தது, வெளியேற்றும் ஃபவுல். பந்து இல்லாதவரை இழுப்பது, அமுக்குவது, பிடித்து வைப்பது, முகத்தில் வேண்டுமென்றே தண்ணீர் அடிப்பது எல்லாம் இதில் சேர்த்தி. செய்தவர் தன் பக்கத்து மூலையில் உள்ள ஒதுக்கிடத்துக்குப் போய்விடவேண்டும். பல காலமாக இருந்த கணக்கு 20 விநாடி. அதற்குள் கோல் விழுந்தாலோ, பந்து தன் டீமுக்குத் திரும்பக் கிடைத்தாலோ சீக்கிரமே உள்ளே வரலாம். இருபது விநாடிதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். கோல் கீப்பரை விட்டுவிட்டால் ஆறு பேருக்கு ஐந்து பேர். பெரிய ஆட்டங்களில் கோல்களில் கணிசமானவை இந்த விநாடிகளில்தான் விழுகின்றன. இப்படி ஒருவர் மேல் மூன்று பெரிய ஃபவுல் சேர்ந்துவிட்டால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. அவருக்குப் பதில் வேறொருவர் வரலாம்.

கோலுக்கு நேர் எதிரே இரண்டு மூன்று மீட்டரில் இரண்டு பேர் எப்போதும் மல்யுத்தம் செய்துகொண்டே இருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் தாக்கும் டீமின் சென்டர், மற்றவர் அவரைக் காவல் காப்பவர். பந்து வருவதற்கு முன்பே இடம்பிடிக்கும் சண்டை. விசிலில் பாதி இவர்களால்தான். தண்ணீருக்கு அடியில் கால் என்ன செய்கிறது, கை ஸ்விம் சூட்டை எப்படிப் பிடித்து இழுக்கிறது என்பதெல்லாம் கரையில் நிற்கும் ரெஃப்ரிக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இது இந்த ஆட்டத்தின் பெரிய குறை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோலாக வேண்டிய பந்தை தப்பாட்டம் ஆடித் தடுத்தால் பெனால்டி. 5 மீட்டரிலிருந்து ஒரு எறி. விசில் ஊதியதும் போக்குக் காட்டாமல் ஒரே வீச்சில் எறிந்துவிடவேண்டும்.

கடைசியாக, அடிதடி. உதைப்பது, குத்துவது, வேண்டுமென்றே காயப்படுத்துவது. இதற்கு மட்டும் மன்னிப்பே இல்லை. பந்து யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியே எழாது. ஆள் அன்றைக்கு ஒரேயடியாக வெளியே, டீம் நான்கு நிமிஷம் ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும், அதோடு எதிர் டீமுக்குப் பெனால்டியும்.

இந்த ஆட்டத்துக்கு முரட்டு ஆட்டம் என்ற பெயர் வந்ததில் 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நடந்த ஒரு மேட்ச்சுக்கும் பங்குண்டு. அந்த வருஷம் நவம்பரில்தான் சோவியத் டாங்கிகள் ஹங்கேரியில் நுழைந்து மக்கள் எழுச்சியை அடக்கியிருந்தன. அடுத்த மாதமே, டிசம்பர் 6-ம் தேதி, இரண்டு நாட்டு டீம்களும் ஒரே குளத்தில்! தண்ணீருக்கு மேலும் கீழும் அடிதடி. ஹங்கேரி 4-0 என்று முன்னணியில் இருந்தபோது, கடைசிக் கட்டத்தில், ஹங்கேரியின் எர்வின் ஸாடோர் முகத்தில் சோவியத் வீரர் ஒருவர் ஓங்கி அடித்துவிட்டார். கண்ணுக்குக் கீழே கிழிந்து ரத்தம் ஒழுக அவர் கரையேறிய படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கூட்டம் கொந்தளித்ததில் ஆட்டத்தை அத்தோடு நிறுத்தி, ஹங்கேரி ஜெயித்ததாக அறிவித்தார்கள். தங்கமும் ஹங்கேரிக்குத்தான். ஆனால் அந்தக் கோபம் குளத்தில் பிறந்ததில்லை. அதை வைத்து ஆட்டத்தை எடைபோடுவது சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொல்கத்தாவில் இந்த ஆட்டத்துக்கு என்ன இவ்வளவு மவுசு என்று கேட்டதற்குப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சின்கியிலும் இந்தியா வாட்டர் போலோ ஆடியிருக்கிறது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் நமக்குத் தங்கம்! 1970-ல் பாங்காக்கில் வெள்ளி, 1982-ல் டெல்லியில் வெண்கலம். 1951-ல் நூறு மீட்டர் நீச்சலில் ஜெயித்து, ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்த சச்சின் நாக் இருக்கிறாரே, அவரும் 1948 ஒலிம்பிக் வாட்டர் போலோ டீமில் ஆடியவர்தான்.

உடம்புக்கு என்ன செய்கிறது?

நிற்காமல் எப்படி ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள்? ரகசியம் காலில். 'எக் பீட்டர் கிக்' என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி தொடையை விரித்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி, எதிரெதிர்த் திசையில் மத்து சுற்றுகிற மாதிரி சுற்றவேண்டும். நன்றாகப் பழகியவர்கள் இந்த ஒரு உதையாலேயே இடுப்பு வரை தண்ணீருக்கு மேலே எம்பிக் கோல் அடிப்பார்கள். இடுப்பு, தொடை, வயிற்றுத் தசைகளுக்கு இதைவிடக் கடுமையான வேலை கிடையாது. கூடவே விட்டு விட்டுப் பாய்ந்து நீந்துவது. ஆகவே இதயம், நுரையீரல் இரண்டுக்கும் நல்ல பயிற்சி. அரக்கப்பரக்க இதில் இறங்கக்கூடாது. முந்நூறு மீட்டராவது களைக்காமல் நீந்தவும், கை உதவி இல்லாமல் சில நிமிஷம் மிதக்கவும் தெரியாத பிள்ளையை டீமில் சேர்ப்பது தப்பு. இது விதிப் புத்தகத்தில் இல்லை, என் அபிப்பிராயம்.

தங்கை வீட்டில் ஒரு தமாஷ். மேட்ச் அன்றைக்குக் காலையில், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பேத்திக்குப் பாட்டி உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார்! உடம்பில் எண்ணெயோ, க்ரீஸோ தடவிக்கொண்டு இறங்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. எதிராளியின் பிடி வழுக்கும் அல்லவா? நல்லவேளை, கோச் பார்த்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னார். நகத்தையும் ஒட்ட வெட்டியிருக்கவேண்டும், ஆரம்பிக்கும் முன் சோதிப்பார்கள். மோதிரம், கம்மல், கொலுசு, சங்கிலி எதுவும் கூடாது.

அந்தத் தொப்பியை உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அழகுக்கு இல்லை, காதுக்கு! உள்ளங்கையோ பந்தோ காதில் 'பளார்' என்று பட்டால், உள்ளே அடைபடும் காற்றின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்துவிடலாம். வெடுக்கென்ற வலி, காது அடைப்பு, தலைசுற்றல், காதிலிருந்து நீரோ ரத்தமோ கசிவது இதன் அடையாளங்கள். அப்படி இருந்தால் பிள்ளையை உடனே கரையேற்றி, காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டவேண்டும். தயவுசெய்து பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடாதீர்கள்! கிழிந்த செவிப்பறை வழியாக அது உள்ளே போனால் விபரீதம். சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை காதில் தண்ணீர் படக்கூடாது, குளமும் கூடாது. மூடியது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மறுபடி ஆட்டம்.

தோள்பட்டைதான் அடிக்கடி தொல்லை கொடுக்கும் இடம். நீந்துவதும் அதே தோள், எறிவதும் அதே தோள். பயிற்சி முடிந்து மறுநாளும் வலி போகவில்லை, தலைக்கு மேல் கையைத் தூக்கினால் வலிக்கிறது என்றால் எறிவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவேண்டும். 'பழகப் பழகச் சரியாயிடும்' என்று விடக்கூடாது. பந்தோ முழங்கையோ தலையில் பலமாகப் பட்டு, பிள்ளை திருதிருவென்று விழித்தாலோ, வாந்தி, மயக்கம், தலைவலி என்றாலோ அன்றைக்கு மறுபடி தண்ணீரில் இறக்கவே கூடாது. பல் டாக்டரிடம் அளவு கொடுத்து வாய்க்கு ஒரு கார்டு செய்துகொள்வதும் நல்லது.

கண்ணாடி போடுகிற பிள்ளைகளின் பெற்றோர் ஒரு சங்கடத்தைக் கேட்பார்கள். ஆட்டத்தில் நீச்சல் கண்ணாடியும் போட முடியாது, அடிபட்டால் கண்ணுக்கே ஆபத்து. கான்டாக்ட் லென்ஸோடு குளத்தில் இறங்கினால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு உண்டு. கண் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதுவும் செய்யவேண்டாம். ஆஸ்துமா இருக்கிறது என்றால் இன்ஹேலர் கரையிலேயே, கைக்கு எட்டும் தூரத்தில், இருக்கவேண்டும். வலிப்பு வருகிற பிள்ளை என்றால் டாக்டர் சம்மதம் இல்லாமல் கூடவே கூடாது. மாதவிலக்கு நாட்களில் ஆடலாமா என்று தங்கை என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். உடம்புக்கு முடிந்தால், ஏற்ற சாதனம் உபயோகித்துத் தாராளமாக ஆடலாம். முடியாத அன்று வீட்டில் இருக்கலாம்.

இன்னொரு விஷயம். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும்! தெரிவதில்லை, அவ்வளவுதான். குளத்திலேயே இருக்கிறாளே, தாகம் எப்படி எடுக்கும் என்று நினைக்காமல் ஒரு பாட்டில் குடிநீர் கொடுத்தனுப்புங்கள்.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மேட்ச்சில் முக்கப்படுவதற்கு அல்ல, பிள்ளைகள் தாங்களாகவே 'மூச்சடக்கிப் பழகுகிறேன்' என்று முங்கிக் கிடப்பதற்கு. முங்குவதற்கு முன்னால் சிலர் வேக வேகமாக நிறைய மூச்சு விடுவார்கள். அப்படி விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறது என்று மூளைக்கு எச்சரிக்கை கொடுப்பதே அதுதான். எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆக்ஸிஜன் தீர்ந்து, தண்ணீருக்கு அடியிலேயே சத்தமில்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள். மேட்ச்சிலாவது இரண்டு ரெஃப்ரி, கோச், கூட்டம் என்று அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தனியாக முங்குபவரை யார் பார்ப்பது? ஆகவே மூச்சடக்கும் போட்டி வேண்டாம், ஆளில்லாத குளம் வேண்டாம். உயிர்காக்கப் பயிற்சி பெற்ற ஆள் கரையில் இல்லாத கிளப்பில் எவ்வளவு நல்ல கோச் இருந்தாலும் சேர்க்கவேண்டாம்.

நான் பார்த்த இரண்டாவது மேட்ச்சில் தங்கை மகள் ஆடினாள். மூன்றாவது பகுதியில் இடது ஓரத்தில் பந்து அவள் கைக்கு வந்தது. பின்னாலிருந்து ஒரு உயரமான பெண் தோளில் கை வைத்து அமுக்க, தலை உள்ளே போயிற்று. பக்கத்தில் தங்கை என் கையை நகம் பதிய அழுத்தினாள். ஒன்று... இரண்டு... பந்து மட்டும் தனியாக மேலே மிதந்து வந்தது. விட்டுவிட்டாள்! உயரக்காரி கையை எடுக்கவில்லை. பீ...ப்! வெள்ளைத் தொப்பி எட்டாம் நம்பர், வெளியே.

மேட்ச்சில் எங்கள் டீம் தோற்றுப்போனது, ஒன்பதுக்கு ஆறு. துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தவள் கேட்ட முதல் கேள்வி, "பெரியம்மா, சாப்பிட என்ன இருக்கு?"

டிபன் டப்பாவில் எட்டு இட்லி இருந்தது. எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை.